மாமாவின் கண்ணும் கருப்பட்டி லட்டும்

என் மாமனாரின் கண் ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிப்போட வைத்தவன் நான்தான். அன்பினால்தான் செய்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் அதை மறுப்பதில்லை. அன்பு இல்லாமல் ஒரு மனுஷனுக்கு அத்தனை லட்டு கொடுக்க முடியாது என்று மட்டும் சொல்கிறார்கள்.

மாமா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார். சுகர் வந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் சர்ச்சில், அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை அன்று பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். மைக் கெட்டுப்போனாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல். ஆனால் போன முறை கண்புரை முற்றிப்போய், இரண்டு வரியைத் தாண்டி வாசித்துவிட்டு, தாண்டிய இடம் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். சபை முழுக்கக் காத்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

அதனால் இந்தப் பண்டிகைக்கு முன்பே ஆபரேஷனை முடித்துவிடுவது என்று முடிவானது. குருவானவரிடம் போய், "ஐயா, இந்தத் தடவ தெளிவா வாசிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டும் வந்தார். சுகர் கட்டுக்குள் இருந்தால் செய்யலாம் என்றார் டாக்டர். இருந்தது. தேதி குறித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து கோயம்புத்தூரில் என் மச்சினிக்குப் பிரசவம். என் மனைவி எஸ்தரும் மாமியாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாள், எங்கள் வீட்டில் மாமாவும் நானும் மட்டும். காலையில் மூன்று இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, நிறையக் காய், ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிய எஸ்தர், போகும்போது சொன்னாள்: "ஏங்க, இதுல உள்ளத மட்டும் செய்ங்க. உங்க மூளைய இதுல காட்டாதீங்க."

(நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். என் மூளையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.)

இரண்டு நாள் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாம் நாள் காலையில் மாமா தட்டிலிருந்த மூன்று இட்லியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயந்திரமே தெற்கு பஜாரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குப் போனேன். வாசலிலேயே பெரிய எழுத்தில் 'சர்க்கரை நோயாளிகளுக்கான சிறப்பு உணவுகள்' என்று போட்டிருந்தது. ஒரு தேசத்தையே கண்டுபிடித்த மாலுமி மாதிரி உள்ளே நுழைந்தேன்.

"அண்ணாச்சி, இதெல்லாம் சுகர்காரங்க சாப்பிடலாமா?"

"சுகருக்குன்னே போட்டதுல்லா சார்! இது சுகர் ஃப்ரீ பிஸ்கட். இது ராகி மால்ட்டு. இது தினை லட்டு, சாத்தான்குளத்துக் கருப்பட்டி போட்டது. பயமில்லாம குடுங்க."

பயமில்லாமல் வாங்கினேன். இரண்டு பை நிறைய. கருப்பட்டி சுகரை ஏற்றாது என்பது எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லாத விஷயம். வெள்ளைச் சீனிதான் எதிரி, கருப்பட்டி நம்ம வீட்டுப் பிள்ளை. நம்ம பிள்ளை தப்பு செய்யுமா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் மாமனாரிடம் மருமகன் 'போதும்' என்று சொல்வது மரியாதை இல்லை. மருமகன் நீட்டியதை மாமனார் 'வேண்டாம்' என்று தள்ளுவதும் மரியாதை இல்லை. மகளாக இருந்தால் கையிலிருந்தே பிடுங்கியிருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். நான் நீட்டிக்கொண்டே இருந்தேன், அவர் வாங்கிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றைக்கூட ருசி பார்க்கவில்லை. எனக்குத்தான் சுகர் இல்லையே!

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கு மாப்ள."

"இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க."

"குடுங்க மாப்ள."

ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமாவுக்கு முதலில் ரத்தம் எடுத்துவிட்டார்கள். முடிவுக்காக வராந்தாவில் உட்கார்ந்தோம். ரத்தம் கொடுக்க இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். (இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தாலே வகுப்பு எடுத்துவிடுகிற ஆள் நான். ஏழெட்டுப் பேர் என்றால் சும்மா விடுவேனா?) பக்கத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா. சுகர் வந்ததிலிருந்து ஒரு இனிப்பு வாயில் வைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். டாக்டரிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று கொண்டுபோயிருந்த பையைத் திறந்தேன்.

"வெறும் வயித்துல வரச் சொன்னாவளேய்யா?" என்று தயங்கினார் அந்த அம்மா.

"சும்மா சாப்பிடுங்கம்மா. இது சுகர் கணக்குலயே வராது."

லட்டு வரிசை முழுக்கப் போனது. ஒருவர் இரண்டு வாங்கினார். கடை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு வழியும் சொன்னேன். அப்போதுதான் நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே வந்தார். வரிசையில் ஒவ்வொரு வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"யாரு இவங்களுக்குத் திங்கக் குடுத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண் தெரியாது என்று வந்தவர்கள்கூடச் சரியாக என்னைத்தான் பார்த்தார்கள்.

அத்தனை பேரும் மறுநாள் திரும்ப வர வேண்டும் என்றாகிவிட்டது. "முத பஸ்ஸுக்கு வந்தேன்யா" என்று அந்த அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாமாவின் சுகர் முன்னூற்றைத் தாண்டியிருந்தது. ஆபரேஷன் இப்போது கிடையாது என்று சொல்லி, எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார் டாக்டர். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பையிலிருந்ததையெல்லாம் மேஜைமேல் வைக்கச் சொன்னார். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார்.

"முன்பக்கம் வாசிச்சீங்களா சார்?"

"வாசிச்சேன்."

"பின்பக்கம்?"

முன்பக்கம் விரல் பருமனில் எழுத்து. பின்பக்கம் எறும்பு வரிசை. அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: "சீனி போடல, சரி. ஆனா பாதிக்கு மேல மைதா இருக்கே. அது உள்ள போய் என்னவா ஆகும்? கருப்பட்டியும் உடம்புக்குச் சர்க்கரைதான் சார், நெறந்தான் வேற. தினையும் ராகியும் நல்லதுதான், ஆனா அதுவும் மாவுச்சத்து, அளவுதான் முக்கியம். சுகருக்குன்னு எழுதியிருந்தா யாரும் எண்ணிச் சாப்பிட மாட்டேங்காங்க. வீட்டுல என்ன சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க?"

மாமா சொன்னார்: "மூணு இட்லி."

"அதையே சாப்பிட்டிருந்தா நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சிருக்கும்."

 திரும்பும்போது ஆட்டோவில் நான்தான் கேட்டேன்: "அவ்வளவு நல்லாவா மாமா இருந்துச்சு?"

"எங்கன நல்லா இருந்துச்சு? வைக்கோலு மாதிரி இருந்துச்சு மாப்ள."

"பின்ன ஏன் சாப்பிட்டீங்க?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்துட்டீங்க. எப்படி வேண்டாம்னு சொல்ல?"

ஆசைப்பட்டுச் சாப்பிட்டிருந்தாலாவது எனக்கு மனது ஆறியிருக்கும்.

இடையில் பண்டிகை வந்துபோனது. வேறொருவர் வேதபாடம் வாசித்தார். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பகுதியை மனப்பாடமாக உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் உட்கார்ந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொன்னது சரிதான். 'சாப்பிடலாம்' என்று அட்டையில் எவனோ எழுதியதைப் பார்த்ததும், எதிரே இருக்கிற மனுஷனைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

எஸ்தர் வந்து அதே தாளை மறுபடி ஒட்டினாள்.  டேப் மட்டும் இரண்டு சுற்று அதிகம். சுகர் இறங்கியது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்து, புதுக் கண்ணாடி வந்த அன்று, வாசிக்க எதையாவது கொடு என்றார் மாமா. எஸ்தர் வேதாகமத்தை எடுக்கப் போனாள்.

"அது இருக்கட்டும். அந்த பிஸ்கட் பாக்கெட்டு மிச்சம் இருக்கா?"

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பாக்கெட்டின் பின்பக்கத்தை இரண்டு கையிலும் பிடித்து, கடைசி பெஞ்சு வரை கேட்கிற அதே குரலில், மைதா முதல் உப்பு வரை ஒரு வரி தாண்டாமல் வாசித்து முடித்தார். என் பிள்ளைகள் "ஆமென்" என்றார்கள்.

அதற்கடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அவர்தான் வாசித்தார். ஆனால் வீட்டில் நடக்கிற வாசிப்பு நிற்கவில்லை. யாராவது சுகர்காரர்களுக்கென்று எதையாவது வாங்கி வந்தால், மாமா எழுந்து நிற்பார், வாசிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வார்கள். பிறகு பாக்கெட்டைப் பிரித்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் முதலில் என்னிடம் நீட்டுவார்.

"எடுத்துக்கிடுங்க மாப்ள."

மாமா நீட்டுவதை எப்படி வேண்டாம் என்பது? வாங்கிச் சாப்பிடுகிறேன். வைக்கோல் மாதிரிதான் இருக்கிறது.