எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற காளை குறித்து

மேற்கணக்கு லயம்,
லிந்துலை.

இறம்பொடை அழகுமுத்து ஐயா அவர்களுக்கு,

லிந்துலை மாயாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் கை போனது. நீங்கள் இன்னும் ஒரு முடிவும் சொல்லாததால் ஐயா என்றே எழுதியிருக்கிறேன், பிறகு திருத்திக்கொள்ளலாம். இங்கே நானும் என் மனைவி வீரம்மாவும் மகள் ஜீவராணியும் நலம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளை யோகேஸ்வரனும் தொழுவத்தில் இருக்கும் மாடுகளும் நலமாக இருக்க மாரியம்மன் துணை நிற்பாளாக. மாடுகளை விசாரித்ததை வேறு விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தக் கடிதம் ஒரு மாட்டைப் பற்றியதுதான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். தேயிலை பெக்டரியில் ரோலர் மெசினுக்குப் பக்கத்திலேயே நின்று ஓய்வு பெற்றவன் நான். காது மந்தம். குரல் மட்டும் மெசினைத் தாண்டிக் கேட்கப் பழகிவிட்டது. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறதே தவிர, அந்தச் சுவர் கூரை வரை போகாது. நான் போனில் பேசினால் லயம் மொத்தமும் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கும். கடிதம் என்றால் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் எதையும் யோசித்துத்தான் செய்வேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் பழனியாண்டி என்று, மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற பையன் இருக்கிறான். அவன் மனைவி ஷாமிலா கொழுந்து எடுக்கிறாள். அவர்களுக்கு லோஜன் என்று ஒரே மகன், பதினோரு வயது இருக்கும். கால் நிற்காது, பேச்சு வராது, ஆனால் தொண்டையை மட்டும் இரண்டு ஆளுக்குக் கொடுப்பதை ஒருவனுக்கே கொடுத்துவிட்டார் கடவுள். அடிவயிற்றிலிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒரு சத்தம். பசித்தாலும் அதுதான், சிரித்தாலும் அதுதான். காது மந்தமான எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் என் குரல் கேட்டுவிட்டால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வரும். நான் இருமினாலும் பதில் உண்டு. வீரம்மாவை ஒரு வார்த்தை ஏச முடியாது. நான் ஒன்று சொன்னால் அவன் ஒன்று சொல்வான், அவள் சிரித்துவிடுவாள், ஏசியது வீணாகிவிடும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், வீரம்மா கூப்பிட்டது கேட்காமல் போய் அது தனிச் சண்டையானது. ரேடியோவைக் கூட்டி வைத்தேன், அவன் செய்தி வாசிப்பவருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தான். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் பழைய தேயிலைச் சாக்குகளைத் திணித்தேன், அவை சாப்பாட்டு நேரத்தில் ரசச் சட்டிக்குள் விழுந்தன. பழனியாண்டிதான் வந்து வீட்டைக் கழுவிக் கொடுத்தான். நல்ல பையன்தான், அதைக் குறை சொல்லவில்லை.

நீங்கள் பெண் பார்க்க வருகிறீர்கள் என்றதும் தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பக்கத்து வீட்டுப் புள்ள சத்தம் கேட்டா ஒங்க ரத்தமுன்னு நெனச்சிருவாங்க மாயாண்டி. லயத்துல யாரு யாருக்குச் சொந்தமுன்னு வெளியாளுக்கு என்னா தெரியும்” என்றார். நியாயமான பேச்சு. பழனியாண்டி என்னைச் சித்தப்பா என்பான், ஷாமிலா மாமா என்பாள், லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் இப்படித்தான். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையனைத் தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்கு, ஷாமிலாவின் அக்கா வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன். பழனியாண்டி முகம் கோணவில்லை. “தங்கச்சி விசயம் சித்தப்பா, இதுகூட செய்யமாட்டமா” என்று ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தான். அன்றைக்குப் பெய்த மழையில் ஆட்டோ ஏற்றத்தில் சறுக்கிப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. உங்கள் வேன் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேளுங்கள். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து, ஜீவராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பெக்டரியில் துரையே என்னைக் கேட்டுத்தான் மெசினைப் போடுவார் என்று சொல்லத் தொடங்கினேன். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஊம்ம்ம்’. மூடிவிடலாம் என்று நான் இன்னும் உரக்கப் பேசினேன், அவன் இன்னும் உரக்கப் பதில் சொன்னான். உங்கள் வீட்டம்மா வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அது என்னாங்க அப்புடிக் கத்துது” என்று கேட்டார். மறுநொடி, “நம்ம மாடுங்க” என்றேன். அவர் விடவில்லை. “மாடு ஏங்க இப்புடி முக்குது?” “கன்னு போடப் போவுதுங்க.” சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது. மாரியம்மன் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயா, நீங்கள் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவர் என்று தரகர் சொல்லியிருந்தார், நான்தான் அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். முக்குகிற மாடு சட்டென்று அடங்கினால் கன்று குறுக்கே நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, “தேங்காண்ணெ கொஞ்சம் குடுங்கம்மா, நேரமாக்கக் கூடாது” என்றபோது எனக்கு உயிரே இல்லை. வீரம்மா எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தே விட்டாள். பெண் பார்க்க வந்தவர் எண்ணெய்க் கையோடு முன்னே போக, நான் பின்னாலேயே வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வாழை மரமும் கோழிக்கூடும்தான். என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தால், அங்கே நிஜமாகவே ஒரு மாடு நின்றது. பழனியாண்டி கொட்டும் மழையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ‘நம்ம மாடு’ என்று சொன்னது காதில் விழுந்ததுமே பின்பக்கமாக ஓடியிருக்கிறான். கன்று விஷயம் சொல்லும்போது அவன் வீட்டில் இல்லை. லயத்திலேயே மாடு வைத்திருக்கும் மூக்கன் வீட்டுப் பசு மேய்ச்சலுக்குப் போயிருந்ததால், பனிமூட்டத்துக்குள் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து வந்துவிட்டான். அது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட காளை.

நீங்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்கள். எண்ணெயை வாழை இலையில் துடைத்தீர்கள். “இதுக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க” என்றீர்கள். உள்ளே வந்து மீதித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றோம்” என்று வேனில் ஏறிவிட்டீர்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஜீவராணிக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று வீரம்மா சொல்கிறாள். அவள் என்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அன்றிலிருந்து என்னோடு பேசுவதே இல்லை. நான் மாடு என்று சொன்னதும் ஷாமிலா பையனின் வாயைப் பொத்தி, கொழுந்துக் கூடை மாதிரி அவனை முதுகில் போட்டுக்கொண்டு மழையிலேயே பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டாளாம். உங்கள் வேன் போகும் வரை அங்கே வாசலில் நின்றாளாம். பையனுக்குச் சளி பிடித்துவிட்டது. ஜீவராணி அதே பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற வேலையில் இருப்பதால் இதெல்லாம் அவள் காதுக்கு வந்துவிட்டது.

ஆகவே நான் தெளிவாகச் சொல்கிறேன். முதலாவது, அந்தப் பையன் எங்கள் ரத்தம் இல்லை. பிரசவத்துக்கு லொறி கிடைக்காமல் ஆஸ்பத்திரி போய்ச் சேரத் தாமதமானதால் வந்தது, பரம்பரை நோய் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அடுத்தது, இனி நீங்கள் வரும்போது இந்தச் சத்தம் இருக்கவே இருக்காது. தோட்டத் தலைவரிடம் பேசிவிட்டேன். கீழ் லயத்தில் கடைசி வீடு காலியாகிறது. பழனியாண்டி குடும்பத்தை அங்கே மாற்றிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து, பையனைக் கிளினிக்குக்குத் தூக்கி ஏறச் சிரமம்தான், ஆனால் அவர்கள் இளம் ஆட்கள், ஏறிவிடுவார்கள். நான் கையில் எடுத்த காரியம் பாதியில் நின்றதில்லை. தை பிறப்பதற்குள் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரம் வந்து தங்கினாலும் இங்கே குருவி கத்துவது மட்டும்தான் கேட்கும்.

உங்கள் வீட்டம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். எல்லா நலமும் பெருகி, உங்கள் தொழுவமும் பாலும் குறைவில்லாமல் நிறைய வேண்டும். நல்ல சேதியை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாகப் போகும்
மாயாண்டி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் வணக்கத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். திரும்ப எழுதத் தாள் இல்லை. என்ன நடந்தது என்றால், உறையை ஒட்டப் போகும்போது வீரம்மா, “என்னா எழுதியிருக்கீங்கன்னு வாசிச்சுக் காட்டுங்க” என்றாள். நானும் வாசித்தேன். எனக்கு இருப்பது ஒரே குரல்தான், அந்தக் குரலில்தான் வாசித்தேன். கீழ் லயத்து வீட்டைப் பற்றி எழுதியதையும் வாசித்து, இப்படிக்கு வரை வாசித்து முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது, பக்கத்திலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. இவ்வளவு நேரம் நான் பேசி அவன் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. இந்த அமைதிக்காகத்தான் இத்தனை நாள் அலைந்தேன், ஐயா. அது வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தேன். பழனியாண்டி சட்டிபானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். ஷாமிலா பையனை மடியில் வைத்து, கையால் அவன் வாயைப் பொத்தியிருந்தாள். அவன் கண் என்னைப் பார்த்துச் சிரித்தது. அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, ஐயா. “வாசிச்சு முடிஞ்சிருச்சா மாமா, கைய எடுக்கவா?” என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே அந்தக் கையை எடுத்துவிட்டேன். அவன் போட்ட சத்தம் உங்களுக்கு இறம்பொடையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தலைவரிடம் போய், அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். பழனியாண்டி சாக்கிலிருந்து சட்டிகளை வெளியே எடுக்கிறான். ஜீவராணி என்னோடு பேசிவிட்டாள், பேசியதும் உங்களுக்கு ஒரு சேதி எழுதச் சொன்னாள். அவளுக்கு உங்கள் மகனைப் பிடித்திருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணம் நடந்தால் லோஜன் முன்வரிசையில்தான் இருப்பான், மேளத்துக்கு மேலே சத்தம் போடுவான், பிறகு அவள் உங்கள் வீட்டிலிருந்து வந்து போகும்போதெல்லாம் முதலில் அவனைத்தான் பார்ப்பாள். அது உங்களுக்குச் சரிப்படாது என்றால் அவளும் சரிப்பட மாட்டாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இதை எழுதும்போது அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நிற்காவிட்டாலும் நான் இதையேதான் எழுதுவேன்.