டைட்டஸின் நிஜக் கை

“இந்தக் கையுறையப் போட்டா என் கைக்கு என்ன ஆவும்?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் டைட்டஸ்.

“ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. உங்க கை எப்படி அசையுது, எவ்வளவு அழுத்துதுன்னு உள்ள இருக்குற சென்சார் குறிச்சுக்கும். அவ்வளவுதான்” என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் ப்ரீத்தி.

“குறிச்சுக்கிட்டு?”

“கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.”

“கம்ப்யூட்டர் அத வச்சு என்ன செய்யும்?”

ப்ரீத்தி பக்கத்தில் நின்ற எஞ்சினியர் அபிஜித்தைப் பார்த்தாள். அபிஜித் பட்டறை முதலாளி தாஜ் முகம்மதுவைப் பார்த்தார். தாஜ் முகம்மது கூரையைப் பார்த்தார். கூரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

டைட்டஸுக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் தட்டிவிட்டது.

பேட்டை தொழிற்பேட்டையில் தாஜ் முகம்மதுவின் பட்டறைக்கு டைட்டஸ் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஏழு வருஷமாகப் பிளாஸ்மா மெஷின் அவர் கையில். காற்றை மின்சாரத்தால் காய்ச்சி, ஊசி போன்ற நீல நெருப்பாக்கி, அரை அங்குல இரும்பைக்கூட அல்வாத் துண்டு போல அறுக்கிற மெஷின் அது. அதே வேலையைப் பக்கத்து மேசையில் மகேஷும் செய்கிறான். ஆனால் கையுறை மகேஷுக்கு இல்லை.

“மகேஷுக்கு ஏன் போடல மொதலாளி?”

“அவன் கை வேண்டாமாம். உம்ம கைதான் வேணும்னுட்டாவ” என்றார் தாஜ் முகம்மது, இன்னும் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அபிஜித் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இது ஒரு புதுக் கண்டுபிடிப்பு அண்ணாச்சி. ஆபரேட்டரோட பழக்கவழக்கத்த மெஷினே கத்துக்கும். ஒன்றரை மாசம் உங்களைப் பதிவு பண்ணுவோம். நீங்க எதையும் மாத்திக்க வேண்டாம். எப்பவும் போல இயல்பா வெட்டுங்க.”

மெஷினே கத்துக்கும். அந்த ஒரு வார்த்தை போதும். டைட்டஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவி அஞ்சலினிடம் சொன்னார். “என் வித்தைய மெஷின் படிச்சிரும். படிச்சு முடிச்சதும் என்னய வீட்டுக்கு அனுப்பிருவானுவ. பேட்டையில இத்தன பேர் இருக்கச்சே என் கைய மட்டும் கேட்டு வந்திருக்கானுவன்னா பாத்துக்கோ.”

“ஒங்க கையையா?” என்றாள் அஞ்சலின். “மாதா படத்துக்கு நீங்க அடிச்ச ஆணி இன்னும் சாஞ்சிக்கிட்டுல்லா நிக்கி?”

“ஆணி வேற, பிளாஸ்மா வேற. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது.”

“சரி, வேலைக்கி ஆபத்துன்னா என்ன செய்யப் போறிய? மூத்தவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு கெடக்கு.”

அதுதான் டைட்டஸையும் அரித்தது. கையுறையைப் போட மாட்டேன் என்றால் நாளைக்கே கணக்குத் தீர்த்துவிடுவார்கள். போட்டால் ஒன்றரை மாசம் கழித்துத் தீர்ப்பார்கள். சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். ரசத்துக்கு வருவதற்குள் வழி கிடைத்துவிட்டது.

“தப்பா சொல்லிக் குடுக்கப் போறேன்” என்றார். “நான் வழக்கமா செய்யுதது எதுவோ, அதுக்கு நேர் மாறா செய்யப் போறேன். மெஷின் அத்தனையும் கோணலா படிச்சிட்டுப் போவட்டும்.”

டைட்டஸின் வழக்கம் பட்டறைக்கே தெரிந்தது. நெருப்பு உமிழும் டார்ச்சை ஒற்றைக் கையில் பிடிப்பார். அதன் முனையில் இருக்கும் நாசில் தகட்டில் முட்டி நசுங்கும்படி அழுத்துவார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இழுப்பார். தீப்பொறி மேலே எழுந்து முகத்தில் பூவாகக் கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் அவருக்கு அது வெட்டே இல்லை. சட்டையில் பொறி விழுந்த ஓட்டைகளைப் பட்டாளத்துக்காரன் பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிவார். அவர் வெட்டிப் போட்ட தகடுகளின் விளிம்பில் உருகி ஒட்டியிருக்கும் கசடைத் தேய்ப்பதற்கென்றே சங்கிலிபூதத்தான் என்று ஓர் ஆள், காலையிலிருந்து மாலைவரை கிரைண்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் டைட்டஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்தார். நாசிலைத் தகட்டில் படவே விடாமல், பாம்பைக் கண்டவன் போலக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். நடை பழகும் பிள்ளை மாதிரி மெல்ல மெல்ல நகர்த்தினார். ஒரு பொறிகூட மேலே வரவில்லை. எல்லாம் தகட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

‘படிலே, படி’ என்று மேசைக்கு மேலே புதிதாக மாட்டியிருந்த கேமராவைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குச் சங்கிலிபூதத்தான் ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னவே இது?”

“என்னது?”

“கசடே இல்லியே. நான் எதப் போட்டுத் தேய்க்க?”

டைட்டஸ் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழுக்கியது. தாம் கெடுத்ததை யாரோ சரிசெய்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மெஷினுக்குள் எதையோ மாற்றி வைத்திருக்கிறார்கள்!

“மெஷினுக்குள்ள என்ன வச்சிய?” என்று ப்ரீத்தியை மடக்கினார்.

“ஒண்ணும் வைக்கல அண்ணாச்சி.”

“பொய் சொல்லாத யம்மா.”

“எங்க ஊரு ஸ்ரீவைகுண்டம் பெருமாள் மேல சத்தியமா வைக்கல.”

சத்தியம் செய்கிற அளவுக்குப் போகிறாள் என்றால் விஷயம் பெரிது என்று டைட்டஸ் முடிவு செய்தார். போதாது. இன்னும் கெடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவர் நேரத்தை வீணடிப்பதில் இறங்கினார். வருஷக்கணக்கில் தொடாத கம்ப்ரஸர் வால்வைத் தினமும் காலையில் திறந்துவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீர் கடைசிச் சொட்டு வடியும்வரை கைகட்டி நின்றார். மின்சாரம் திரும்பிப் போகிற எர்த் கிளாம்பைக் கண்ட இடத்தில் மாட்டுகிற ஆள், இப்போது தகட்டிலேயே துருவைச் சுரண்டிவிட்டு மாட்டினார். முதலாளிக்குச் செலவு இழுத்துவிட வேண்டும் என்று, வழக்கமாகப் பொக்கைவாய் ஆகும்வரை ஓட்டுகிற நாசிலைத் திங்கட்கிழமையே கழற்றி எறிந்து புதுசு மாட்டினார். கண்ணளவில் வெட்டுகிறவர் சாக்கட்டியால் கோடு போட்டார். போட்ட கோட்டை இரண்டு முறை அளந்தார்.

வெள்ளிக்கிழமை, தகடு வாங்குகிற காற்றாலைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தாஜ் முகம்மது பேசி முடித்துவிட்டு மெல்ல நடந்து வந்து டைட்டஸ் முன்னால் நின்றார்.

“டைட்டஸு, நாம அனுப்புன அடித்தகடு அம்பத்தாறுலயும் போல்ட் ஒரே தள்ளுல உள்ள போயிட்டாம்வே.”

“நான் ஒண்ணும் செய்யல மொதலாளி” என்றார் டைட்டஸ் பதறிப்போய்.

“வழக்கமா சுத்தியல் கொண்டுபோவாவ. இந்தத் தடவ சுத்தியல வண்டியில இருந்து எடுக்கவே இல்லையாம்.” தாஜ் முகம்மதுவே ஆள் விட்டு உளுந்தவடையும் டீயும் வரவழைத்து டைட்டஸ் கையில் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளி வாங்கிக் கொடுத்த முதல் வடை. டைட்டஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“திடீர்னு பாசமா இருக்காரு” என்று அன்றைக்கு அஞ்சலினிடம் சொன்னார். “அனுப்பப் போற ஆளத்தான் இப்படிக் கவனிப்பாவ.”

“வடை நல்லா இருந்துச்சா?”

“தின்னா என்னமோ ஏதோன்னு மகேஷுக்குக் குடுத்திட்டேன்.”

மூன்றாம் வாரம் நிலைமை இன்னும் மோசமானது. தேய்க்கக் கசடு இல்லாததால் சங்கிலிபூதத்தானைப் பெயின்ட் அடிக்கிற பக்கம் அனுப்பிவிட்டார்கள். பெயின்ட் வாடை அவருக்கு ஆகாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து டைட்டஸிடம் சண்டை பிடித்தார்.

“எத்தன வருஷமாவே ஒண்ணாமண்ணாப் பழகுதோம்? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீரே. கம்பெனிக்காரன்கிட்ட எம்புட்டு வாங்குனீரு?”

“யாரு வாங்குனா? நான் கெடுக்கேன்வே! அவனுவளக் கெடுக்கேன்!”

“கெடுத்தா இப்படியா வரும்? எனக்குக் காது குத்தாதீரும்.”

அன்றிலிருந்து டீ நேரத்தில் டைட்டஸ் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மகேஷ்கூட அவர் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டான். டைட்டஸ் அவர்களைச் சந்தேகப்பட்டார். அவர்கள் டைட்டஸைச் சந்தேகப்பட்டார்கள். நடுவில் கேமரா இரு தரப்பையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரே ஆறுதல், அபிஜித்தின் முகம். வாராவாரம் வந்து லேப்டாப்பைத் திறப்பார். வாராவாரம் அந்த முகம் ஒரு சுற்றுத் தொங்கிப்போகும்.

“அண்ணாச்சி, கேமராவை மறந்துடுங்க. உங்க வழக்கப்படி வெட்டுங்க.”

“இதான் எங்க வழக்கம்.”

“இவ்வளவு மெதுவாவா?”

“பைய வெட்டுனாத்தான் வெட்டு” என்றார் டைட்டஸ், தாம் சொல்வதில் ஓர் எழுத்தைக்கூட நம்பாமல்.

அபிஜித் இன்னும் இரண்டு கேமரா மாட்டினார். டைட்டஸ் இன்னும் மெதுவாக வெட்டினார். அபிஜித் டார்ச்சின் பிடியிலும் சென்சார் வைத்தார். டைட்டஸ் அதைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்தினார்.

ஐந்தாம் வாரம், புதன்கிழமை, அபிஜித் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

“போதும் சார். இது எங்களுக்குப் பயன்படாது” என்று தாஜ் முகம்மதுவிடம் சொன்னார். “நாங்க தேடி வந்தது இவர்கிட்ட இல்ல. கழட்டிட்டுக் கிளம்புறோம்.”

டைட்டஸுக்கு ஏரல் ஆற்றில் முங்கி எழுந்தது போல் இருந்தது. ஜெயித்தாயிற்று. வித்தை கைக்குள்ளேயே இருக்கிறது. வேலையும் இருக்கிறது. கேமராவைக் கழற்ற ப்ரீத்திக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கன யம்மா அடுத்து?”

“அடுத்த தெருவுல ஒரு பட்டறை அண்ணாச்சி. பெனிட்டோன்னு ஒருத்தர். அவர் கை சரியா வரும்னு சொல்றாங்க.”

ஏணி ஆடியது.

“பெனிட்டோவா? அந்தப் பெனிட்டோவா? தகட்டக் கொத்துபரோட்டா போடுத பயலுல்லா அவன்! அவன் கை என் கைய விடவா?”

“உங்ககிட்ட கிடைக்காதது அவர்கிட்ட கிடைக்கும்னு சாருக்கு நம்பிக்கை.”

டைட்டஸ் ஏணியை விட்டார். ப்ரீத்தி பதறிக் கீழே குதித்தாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் டைட்டஸின் மார்பில் முட்டிக்கொண்டு நின்றது. வேலை போனால் போகட்டும். பெனிட்டோவுக்குக் கீழே தம் பெயர் ஒரு கம்ப்யூட்டரில் ஏறுவதா?

“எஞ்சினியரய்யா, நில்லும்!” என்று கத்தினார். “அஞ்சு வாரமா உங்கள ஏமாத்திட்டேன். நீங்க படம் பிடிச்சது ஒண்ணும் என் கை இல்ல. என் நிஜக் கைய இப்பப் பாரும்!”

“டைட்டஸு, வேண்டாம்வே” என்று தாஜ் முகம்மது ஓடிவந்தார். “நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு!”

முதலாளிக்கும் தம் வித்தை களவு போவதில் பயம் என்று டைட்டஸுக்கு மனசு உருகிவிட்டது. ஆனால் நிற்கவில்லை. குப்பையிலிருந்து பழைய நாசிலைப் பொறுக்கி மாட்டினார். டார்ச்சை ஒற்றைக் கையில் எடுத்தார். அழுத்தினார். இழுத்தார். பொறி ஆளுயரம் எழும்பி முகக்கவசத்திலும் தோளிலும் சட்டையிலும் பூவாகக் கொட்டியது. மகேஷ் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். தாஜ் முகம்மது தலையில் கையை வைத்துக்கொண்டார். பெயின்ட் பக்கத்திலிருந்து சங்கிலிபூதத்தான் மூக்குத் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, “வந்துட்டீராவே!” என்று கிரைண்டரைத் தேடி ஓடினார்.

அபிஜித் ஓடிவந்து டைட்டஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இதுதான்! அண்ணாச்சி, இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்! ப்ரீத்தி, எல்லாக் கேமராவையும் போடு! இன்னொரு தடவை, அப்படியே, எதையும் மாத்தாம!”

டைட்டஸ் இன்னொரு தடவை வெட்டினார். அப்புறம் இன்னும் பதினொரு தடவை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அபிஜித் “அற்புதம்” என்றார். “இப்படி ஒண்ணை நாங்க எங்கேயும் பார்த்ததில்ல” என்றார். டைட்டஸின் கண் கலங்கியது. அது புகையால் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷன் வந்து தம் கையை இன்னதென்று கண்டுகொண்டான். மனசில் இருந்த சந்தேகம் எல்லாம் கழன்று விழுந்தது. திருடினால் திருடிக்கொண்டு போகட்டும்.

சாயங்காலம் ப்ரீத்தி அவர் கையிலிருந்து விரல் விரலாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“யம்மா, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும்” என்றார் டைட்டஸ். “பேட்டையில இத்தன பட்டறை கெடக்கு, இத்தன பேர் வெட்டுதானுவ. என் கைதான் வேணும்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?”

ப்ரீத்தி திரும்பிப் பார்த்தாள். அபிஜித் தூரத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாங்க எங்க அண்ணாச்சி கண்டுபிடிச்சோம்? என்னென்ன தப்பு நடக்கும்னு மெஷினுக்குக் கத்துக்குடுக்கணும், இங்க இருக்குறதுலயே மோசமா வெட்டுறவர் ஒருத்தர் வேணும்னு கேட்க வந்தோம்; உங்க மொதலாளி எங்களக் கேட்டு முடிக்கக்கூட விடல, உங்க பேரச் சொல்லிட்டாரு.”