முதுகை மட்டும் காட்டிய நாய்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிஞ்சியிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கழன்று விழட்டும். சத்தியம் செய்ய இதைவிடப் பெறுமதியான பொருள் இப்போது என்னிடம் இல்லை.

மொன்றியல் செயின்ட்-மிஷேலில், இரண்டாம் மாடி வீட்டில், அருமைநாதன் சோற்றுக்கு மேல் கணவாய்க் கறியை ஊற்றிக்கொண்டிருந்தபோது யோகராணி கேட்டார்:

"அண்ணை, இங்கிலாந்தில என்னென்ன இடம் பாத்தனீங்கள்? பிள்ளையள் கலியாணம் முடிச்சு அங்கதான் போகப்போகினமாம்."

அருமைநாதனின் கரண்டி பாதி வழியில் நின்றது. யோகராணி வருங்காலச் சம்பந்தி. அவருடைய மகன் அனுஜனுக்குத்தான் அருமைநாதனின் ஒரே மகள் தனுஷாவைப் பேசியிருந்தது. நாள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாததற்குக் காரணமும் இங்கிலாந்துதான்.

யோகராணி கலியாணத்தைத் தையில் வைக்கக் கேட்டார். தனுஷாவும் நூறு பேரோடு சின்னதாகப் போதும் என்றாள். அருமைநாதன் ஆனி மாதம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கு இங்கிலாந்தில் ஒரு ஊர் அளவுக்குச் சொந்தம் இருந்தது. ஆனியில்தான் அவர்களுக்கு லீவு எடுக்க வசதி. அவர்கள் வராவிட்டால் அது கலியாணம் இல்லை, வெறும் பதிவு என்பது அவருடைய கட்சி. கலியாணத்துக்குப் போனில் சொன்னால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள், வீடுவீடாய் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஓகஸ்ட் மாதம் தனியாக விமானம் ஏறினார்.

தனுஷா மறித்துப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. கடைசியில் அவள், இலண்டனிலிருந்து வெளிக்கிடும் நாட்டுப்புறச் சுற்றுலா பஸ் ஒன்றில், அவர் அங்கே நிற்கும் நாள் முழுவதற்கும் இடம் பதிந்து கொடுத்தாள். மலை, குளம், கடற்கரை, பழைய கற்கள், அந்தந்த ஊர்க் கதைகள், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ஒரு வெள்ளைக்காரப் பெண். "சொந்தக்காரரைப் பேந்து பாக்கலாம் அப்பா. முதல்ல நாட்டைப் பாருங்கோ" என்றாள்.

பஸ் வெளிக்கிட்ட காலையில் அருமைநாதன் ஈஸ்ட்ஹாமில் மச்சான் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் அடுத்த தெருவில் ஆட்டிறைச்சி. ஒரு வீட்டில் சாப்பிட்டது இன்னொரு வீட்டுக்குத் தெரிந்தால் அங்கேயும் சாப்பிட வேண்டும். தெரியாமல் இருக்க வழியில்லை. இங்கிலாந்தின் இயற்கைக் காட்சி என்று அவர் கண்டது, ஹரோவில் ஒரு வீட்டுப் பின்வளவில் குளிருக்குப் போர்த்துவிட்டிருந்த கறிவேப்பிலைக் கன்று ஒன்றுதான். திரும்பி வரும்போது சுற்றுலாக்காரரின் விளம்பரத் தாளை விமானத்தில் இருந்து பாடமாக்கினார். மகள் கேட்டபோது, இடமெல்லாம் சொல்லிவேலையில்லை, அவ்வளவு வடிவு என்று முடித்துவிட்டார்.

இப்போது அதே மகள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருமைநாதன் தொண்டையைச் செருமினார். ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு கல் வட்டம் இருக்கிறது என்றார். ஒரு அரசனும் அவன் படையும் சூனியக்காரி ஒருத்தியால் கல்லாகிப்போன இடம். அந்தக் கற்களை எத்தனை தரம் எண்ணினாலும் ஒவ்வொரு தரமும் வேறு கணக்கு வரும். தானே எண்ணிப் பார்த்ததாகவும், பிழைத்ததாகவும் சொன்னார். அடுத்தது வடக்கில் ஒரு பாசிக் குளம். அதற்குள் பச்சைப் பல்லோடு ஒரு கிழவி. கரைக்கு வரும் பிள்ளைகளைக் காலில் பிடித்து உள்ளே இழுத்துவிடுவாள். அந்தக் குளத்தில் மீன் படுமோ என்று அருமைநாதனின் மனைவி சீதேவி கேட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டால், சொல்பவருக்கு நிறுத்த மனம் வருவதில்லை.

"நோர்ஃபோக் கடற்கரையில ஒரு கறுப்பு நாய் திரியுது" என்றார். "கண்டுக்குட்டி அளவு. கண் ரெண்டும் நெருப்பு. என்ரை கண்ணால கண்டனான்."

தனுஷா போனை எடுத்து எதையோ தேடினாள். பிறகு அதைப் பேசாமல் யோகராணியிடம் நீட்டினாள். யோகராணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் செத்தவீட்டு முகமாக மாறியது.

"அண்ணை, நீங்கள் அந்த நாயைக் கண்டது எப்ப?"

"ஓகஸ்ட்டில."

"அதைக் கண்டவை வருசத்துக்குள்ள போய்ச் சேர்ந்திடுவினமாம்."



"நான் இதை நம்பிறனோ எண்டு கேட்டால், இல்லை" என்று யோகராணி தொடர்ந்தார். "ஆனால் ஆனியில கலியாணத்தை வச்சு, நீங்கள் வைகாசியில கண்ணை மூடினால்? ஆண்டுத் திவசம் முடியுமட்டும் இந்த வீட்டில நல்ல காரியம் செய்ய ஏலாது. என்ரை பிள்ளைக்கு வயசு போகுது. பேந்து நாங்கள் வேற இடம் யோசிக்கவேண்டி வரும் அண்ணை."

அருமைநாதனுக்கு வியர்த்தது. நாயைக் கொஞ்சம் வெளுத்துப் பார்த்தார். கறுப்பென்று அடித்துச் சொல்ல ஏலாது, மண்ணிறமாகவும் இருக்கலாம் என்றார். அப்படியென்றால் அந்த நெருப்புக் கண் என்று தனுஷா நினைவூட்டினாள். கண்ணை யார் பார்த்தது, நான் அதன் முதுகைத்தான் பார்த்தேன் என்றார்.

யோகராணி போனை மேலே தள்ளினார். கீழே தள்ளினார். பெருமூச்சு விட்டார்.

"முகத்தைக் கண்டால் கண்ட ஆள். முதுகைக் கண்டால் அந்த வீட்டில இருக்கிற வேற ஒரு ஆள்."

அந்த வீட்டில் இருந்த வேறு ஆட்கள் இரண்டே பேர். அதில் மூத்தவள் சீதேவி. அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் மிகவும் பணிவாக இருந்தது.

"இஞ்சரப்பா, நீங்கள் முகத்தையும் பாத்தனீங்கள்தானே? வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

அருமைநாதன் யோசித்தார். இவ்வளவு காலம் சமைத்துப் போட்டவள். "ஓம், முகத்தையும் பாத்தனான்" என்றார்.

இப்படித்தான் அந்த மனிதர் தன்னுடைய சாவைத் தன் வாயாலேயே உறுதிப்படுத்தினார்.

செய்தி அந்தக் கிழமையே துறைமுகத்துக்குப் போனது. அங்கே கொள்கலன் இறக்கும் பண்டகசாலை ஒன்றில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கூட வேலை செய்யும் தனோஜன் கோப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். கனநேரம் நிலத்தைப் பார்த்தான்.

"அண்ணை, உங்கடை பகல் வேலைக்கு என்ரை பேரைச் சொல்லி வையுங்கோவன். அவசரம் ஒண்டும் இல்லை."

கோயிலில் ஒருவர் அவரை நல்ல வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். சிரிக்க வேண்டாம், பேந்து இது உதவும் என்றார். வீட்டில் சீதேவி அவருக்குப் பிடித்த சாப்பாடாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். நெஞ்சு நோகுதோ என்று கேட்பாள். இல்லையென்றால், மறைக்கிறார் என்று அழுவாள். இதனால் அவர் சில நாட்களில் நோகுது என்று சொல்லிவிடுவார். அதற்கும் அழுவாள்.

ஈஸ்ட்ஹாம் மச்சானும் போன் எடுத்தார். குரல் கம்மியிருந்தது.

"மச்சான், ரெண்டுக்கும் வாறதெண்டால் எங்களுக்கு லீவு தரமாட்டாங்கள். கலியாணத்துக்கு வாறதோ செத்தவீட்டுக்கு வாறதோ எண்டு நீதான் சொல்லோணும். இஞ்ச எல்லாரும் செத்தவீடுதான் மரியாதை எண்டினம்."

இத்தனை பேர் சொன்னபிறகு காணாத நாய்க்கே பயம் வந்து, அருமைநாதன் ஐயரிடம் ஓடினார். ஐயர் நாயின் நிறத்தைக் கேட்டார், உயரத்தைக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார். அது நாய் இல்லை, பைரவருடைய வாகனம் என்றார். இங்கிலாந்து வரைக்கும் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. பரிகாரம் சுலபம். தேய்பிறை அட்டமி தோறும் ஒரு கறுப்பு நாய்க்கு உழுந்து வடை கொடுக்க வேண்டும்.

மொன்றியலில் தெருநாய் கிடையாது. ஆனால் கீழ்வீட்டில் மதாம் ஜிசெல் என்ற பிரெஞ்சுக் கிழவி பிஜூ என்றொரு கறுப்பு நாய் வைத்திருந்தாள். நாயும் கிழவியும் ஏறக்குறைய ஒரே வயது போலத் தெரியும். அருமைநாதன் போய் "போன்ஜூர்" என்று வடையை நீட்டினார். பிஜூ அதுவரை வாழ்க்கையில் காணாத ருசியைக் கண்டது. அடுத்த அட்டமி மட்டும் பொறுக்க அது தயாராக இல்லை. ஒவ்வொரு நாளும் படியேறி வந்து கதவைச் சுரண்டியது. கொடுக்காமல் விட்டால் பைரவர் என்ன நினைப்பாரோ என்று அவரும் ஒவ்வொரு நாளும் கொடுத்தார்.

முதல் பனி விழுந்த கிழமை பிஜூ செத்துப்போனது.

வயது போய்விட்டது, வேறொன்றும் இல்லை என்று மிருக வைத்தியர் சொன்னார். மதாம் ஜிசெல் அருமைநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் காலத்தில் அது சந்தோசமாக இருந்தது, மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி அழுதாள். அவரும் அழுதார். உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. கறுப்பு நாய் ஒரு உயிரைக் கேட்டது, ஒரு உயிர் போய்விட்டது, கணக்குச் சரி என்று யோகராணிக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

யோகராணி ஐயரைக் கேட்டார். ஐயர் காதைப் பொத்தினாராம். பைரவருடைய வாகனத்தை வடை தீத்திக் கொன்ற ஆளுக்கு இனி வருசக் கணக்கு இல்லை, மாசிக்கு முன்னமே எதுவும் நடக்கலாம் என்றாராம்.

அன்றைக்கு அருமைநாதன் உடைந்துபோனார். எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். நடு மண்டபத்தில் நின்றுகொண்டு, தான் பஸ்ஸில் ஏறவே இல்லை, கல்லைக் காணவில்லை, குளத்தைக் காணவில்லை, நாயின் முகத்தையும் முதுகையும் வாலையும் காணவில்லை, இருந்த நாளெல்லாம் வீடுவீடாய்ச் சாப்பிட்டதுதான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஈஸ்ட்ஹாம் மச்சானைப் போனில் எடுத்து, சத்தமாக வைத்து, அவருடைய வாயாலும் சொல்லுவித்தார்.

 யோகராணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"பெத்த மகளின்ரை கலியாணம் குழம்பக்கூடாதெண்டு இந்த மனுசன் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லுது பாத்தியே அனுஜன். சாகப்போற நேரத்தில சொந்தத்தையும் சேர்த்துப் பொய் சொல்ல வைக்குது."

"அப்பா எப்பவும் இப்பிடித்தான் மாமி" என்று தனுஷா சொன்னாள். எழுந்து வந்து தகப்பனின் தோளைத் தடவிவிட்டாள். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அப்பா. நீங்கள் கண்ணால கண்டு ஆசீர்வதிக்கோணும். அது போதும் எனக்கு."

சீதேவி விம்மினாள். அனுஜன் சுவரைப் பார்த்தான். உண்மையைச் சொல்லியும் சாகவேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அருமைநாதனுக்கு மெய்யாகவே நெஞ்சு நொந்தது. ஆனியை விட்டுக்கொடுத்தார். இனி நாள் முக்கியமில்லை, பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறினால் சரி என்றார். அன்றிரவே ஒவ்வொரு வீடாக இங்கிலாந்துக்குப் போன் எடுத்து, கலியாணம் தையில் என்று சொன்னார். லீவு இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார்கள். செத்தவீட்டுக்குக் கட்டாயம் வருவதாக எல்லோரும் உறுதி தந்தார்கள்.

தை மாதம் ரொக்ஸ்பரோ மண்டபத்தில் கலியாணம் நடந்தது. வெளியே மூச்சு உறையும் குளிர். ஆட்கள் நூறு பேர். ஐயரின் மந்திரத்தைவிட மண்டபத்துச் சூடாக்கியின் இரைச்சல் கூடக் கேட்டது. அனுஜன் தாலியைக் கட்டினான். தனுஷாவின் முகம் அவ்வளவு வடிவாக இருந்தது. வந்தவர்கள் மணமக்களுக்கு அறுகரிசி போட்டுவிட்டு, வரிசையாக அருமைநாதனிடம் வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, ஒன்றும் பேசாமல் போனார்கள்.

எல்லாம் முடிந்து, மிஞ்சிய பாயாசத்தோடு அவர் ஒரு மூலையில் தனியாக இருந்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அடித்துக்கொண்டுதான் இருந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெனாட் கதிரைகளை அடுக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தான். அருமைநாதன் அவனுக்கு நன்றி சொன்னார். தையில் எல்லோரும் மண்டபத்துக்கு அலையும்போது, கடைசி நேரத்தில் கேட்டும் இடம் தந்தது பெரிய உதவி, சாகிற மனிதன் ஒருவன் அதை மறக்கமாட்டான் என்றார்.

ஜெனாட் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தான்.

"கடைசி நேரமோ? இந்த நாளை உங்கடை மகளும் யோகராணி அன்ரியும் வந்து யூலையிலையே பதிஞ்சிட்டினம் அண்ணை. நீங்கள் அப்ப இங்கிலாந்துக்கு வெளிக்கிடவே இல்லை."