அஞ்சறைப் பெட்டியில் ஓடிய ஜீப்

மின்சாரத்தை மூக்கால் பிடித்த ஒரே மனிதர் இந்தியாவிலேயே எங்கள் கரண்ட் மாமுதான். மற்ற எலக்ட்ரீஷியன்கள் மீட்டர் வைத்திருந்தார்கள். மாமு மூக்கு வைத்திருந்தார். சாதாரண மூக்கா அது? மாமு தெருமுனையில் திரும்பும்போதே மூக்கு கடைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரே அவர் கடை. கார், ஆட்டோ, ஜீப் எதுவானாலும் வயரிங் செய்வார். சொந்தப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவரிடம் இரண்டு விசித்திரங்கள். ஒன்று, அவர் போடும் வயர் எல்லாமே கறுப்பு. "ஏன் மாமு, கலர் வயர் போட்டா என்ன?" என்று கேட்டால், "கரண்டுக்குக் கலர் தெரியுமாப்பா?" என்பார். இரண்டு, மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துத்தான் பையில் போடுவார். கடைக்காரர் கன்னடத்தில் திட்டுவார். மாமு அந்தத் திட்டையும் ஒருமுறை முகர்ந்துவிட்டு நகர்வார்.

நான் அப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம். வீரத்தைக் காட்ட வேறு இடம் இல்லாததால் ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தேன். சேற்றிலும் பாறையிலும் ஜீப் ஓட்டுகிற ஒரு கிளப் இருந்தது. அதில் சேர ஆசை. என் ஜீப்போ, ஹெட்லைட்டைப் போட்டால் ஹார்ன் அழும். ஹார்னை அடித்தால் ஹெட்லைட் கண் சொருகும். ஒருநாள் டாஷ்போர்டு ஸ்விட்ச் உருகி என் விரலோடு வந்துவிட்டது.

என் மனைவி நிர்மலா தீர்ப்பு எழுதிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை கிளப்புக்காரங்க டெஸ்ட் வெக்கிறாங்கல்ல? நானும் வரேன். தானாக் கரையேறுச்சுன்னா வண்டி இருக்கட்டும். இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்துச்சுன்னா, அங்கேர்ந்தே காயலான் கடைக்கு." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கத் திருப்பத்தூர் கிளம்பிவிட்டாள்.

நான் மாமுவிடம் ஓடினேன். அவர் பானெட்டுக்குள் மூக்கை விட்டு எடுத்தார். "ரிலே டப்பா கட்டணும்."

"ரிலேன்னா?"

"ஸ்விட்ச்சு மேனேஜர் மாதிரி தம்பி. வாயால சொல்றதோட சரி. நீ மேனேஜர் தலையில மூட்டைய ஏத்தி வெச்சிருக்கே, அதான் உருகுறான். மூட்டை தூக்கத் தனி ஆள் வேணும். அவன்தான் ரிலே."

ஹெட்லைட், ஹார்ன், ரேடியேட்டர் ஃபேன், ஃபாக் லைட், அப்புறம் கம்பிக் கயிற்றைச் சுற்றி ஜீப்பைச் சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச். ஐந்து வேலை, ஐந்து ரிலே.

"பெட்டி ஒண்ணு வாங்கியாரட்டுமா மாமு?"

"பேடா, பேடா. வாங்க வேணாம். அஞ்சு அறை இருக்கணும். மரமா இருக்கணும், ஷார்ட் ஆவாது. மூடி அழுத்தமா இருக்கணும். யோசி."

யோசித்தேன். வீட்டுக்குள் போனேன். நிர்மலாவின் சீர்வரிசையில் வந்த தேக்கு அஞ்சறைப் பெட்டி, நடக்கப்போவது தெரியாமல் சமையல் மேடையில் உட்கார்ந்திருந்தது.

உள்ளே இருந்ததைக் கொட்டப்போன என் கையை மாமு தட்டிவிட்டார். "அரே! சாமான் இருக்கட்டும்பா." ஒவ்வொரு அறையிலும் ஒரு சிட்டிகையை விட்டுவிட்டு, அதன்மேல் ரிலேயைப் பொருத்தினார். "கடுகு ஹெட்லைட்டு. சீரகம் ஹார்ன். மிளகு ஃபேன். தனியா ஃபாக் லைட்டு. வெந்தயம் வின்ச்சு. எந்த ரிலே சூடாவுதோ அந்தச் சாமான் வறுபடும். மீட்டர் எதுக்கு? ஆண்டவன் மூக்கு குடுத்திருக்கான்."

ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

சனிக்கிழமை நிர்மலா திரும்பி வந்தாள். "பெட்டி எங்கங்க?"

"பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்."

"நீங்களா?" என்றாள். அந்த ஒரு சொல்லில் மூன்று வருட இல்லறம் இருந்தது.

மறுநாள் காலை, அத்திபெலே தாண்டி, பாதி வற்றிய ஏரி. இறங்கிய இரண்டாவது நிமிடம் ஜீப் அச்சு வரை சேற்றில் உட்கார்ந்தது. கரையில் கிளப் தலைவர், மீசையும் கையில் கயிறுமாக நின்றார். "கயிறு பேக்கா சார், இழுக்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் வின்ச் கொக்கியைக் கரையிலிருந்த தைல மரத்தில் மாட்டிவிட்டு வந்து பட்டனை அழுத்தினேன். கயிறு நாலு சுற்று சுற்றியது. ஜீப் லேசாக அசைந்தது. அப்புறம் நின்றது. வாசனை வந்தது.

"நிர்மலா, குதி! வண்டி வெடிக்கப் போகுது!"

குதித்தவன் நான் மட்டும்தான். முழங்கால் வரை சேறு. ஒரு ஷூ அங்கேயே தங்கிவிட்டது. நிர்மலா உட்கார்ந்த இடத்திலிருந்தே மூக்கை உறிஞ்சினாள்.

"வெந்தயம் கருகுது. ஏங்க, ஏரி நடுவுல எவன் வெந்தயம் வறுக்கிறான்?"

பானெட்டைத் திறந்தேன். பெட்டி மூடியைத் திறந்தேன். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஐந்து ரிலே. நூடுல்ஸ் மாதிரி கறுப்பு வயர். சாமான்களோ ரிலேக்களுக்கு அடியில். எந்த அறையில் எது? "தனியா, மிளகு, சீரகம்..." என்று பதற்றத்தில் நான் முணுமுணுத்ததைக் கேட்டவர்கள், ரசப்பொடி அரைக்கக் கிளம்பிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பக்கத்தில் நிர்மலா வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள்.

"இதான் பாலிஷா?"

"அது வந்து நிர்மலா..."

"கைய எடுங்க."

மூன்று வருடமாக அந்தப் பெட்டிக்குள் பார்க்காமலே கை விட்டு எடுத்தவள் அவள். வலது கோடி அறையில் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்து ரிலேயைப் பிடுங்கினாள். அடியில் வெந்தயம் கரியாகிக் கிடந்தது. "இது போச்சு. மத்ததும் இதே மாதிரிதானே இருக்கு? இப்பத்திக்கு வேண்டாதது எது?"

"ஹார்ன்! சீ... சீரகம்!"

என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன ஒரே விடை. சீரகத்து ரிலேயை உருவி வெந்தயத்தின் இடத்தில் அழுத்தினாள். "இப்ப அமுக்குங்க."

வின்ச் உறுமியது. எருமை எழுந்திருப்பது போல ஜீப் மெல்ல எழுந்து, உடம்பை உதறி, கரையேறியது. மீசைக்காரர் கயிற்றைச் சுருட்டினார். பெருமிதத்தில் நான் ஹார்னை ஓங்கி அழுத்தினேன். சத்தமே இல்லை.

"அதுதான் உங்களை இழுத்துக் கரையில போட்டுச்சு," என்றாள் நிர்மலா.

ஜீப் பிழைத்தது. அடுத்து மாமு பிழைக்க வேண்டுமே! காய்ந்த சேற்றோடு நிர்மலா நேராக அவர் கடைக்குள் நுழைந்தாள். நான் ஜீப்புக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றேன்.

"எங்கம்மா குடுத்த பெட்டி மாமு அது! சரி, வெச்சது வெச்சீங்க. வயராச்சும் கலர் கலராப் போடக் கூடாதா? இந்த மனுஷன் அதை வெச்சுக்கிட்டு ரசம் வெக்கிறாரு!"

மாமு முதலில் சிரித்தார். அப்புறம் பழைய வண்டியிலிருந்து கழற்றி ஆணியில் தொங்கவிட்டிருந்த இரண்டு துண்டு வயரை எடுத்து, கைக்கு ஒன்றாக நீட்டினார். "இதுல எதும்மா சிவப்பு?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இடது கையில இருக்கிறது, மாமு. இன்னொண்ணு பச்சை."

"பொறந்ததுலேர்ந்து எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. கலரை நம்பி மாத்தி இணைச்சுட்டா வண்டி எரியும். அதான் எல்லாம் கறுப்பு. கையால தடவிப் பார்த்துப் போடுவேன். வெளிய சொல்லிடாதே. கலர் தெரியாத எலக்ட்ரீஷியன்கிட்ட எவன் வண்டிய விடுவான்?"

அவர் ஏன் தக்காளியை முகர்ந்தார் என்று ஜீப்புக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நிர்மலா வெளியே சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மார்க்கெட்டில் மாமுவுக்குப் பழமாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டது அவள்தான். கடைக்காரர் கேட்டதற்கு, "பெரியவருக்கு முதுகு வலி, குனிய முடியாது," என்றாள். மாமுவும் உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நானும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் போனில் மாமுவிடம் இதை எழுத அனுமதி கேட்டேன். மகள் வீட்டோடு ஆம்பூரில் இருக்கிறார். "எழுதிக்கோப்பா. இப்பக் கடையே இல்ல, இன்னா பயம்?" என்றார்.

ஜீப் எப்போதோ கைமாறிவிட்டது. பெட்டியை மட்டும் நிர்மலா கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நாலு அறையில் சாமான் இருக்கிறது. வெந்தயத்து அறையில் மட்டும் அவள் அழுத்திய அந்த ரிலே அப்படியே இருக்கிறது. எடுத்துப் போடலாமே என்றால், "மாமு வந்து கழட்டட்டும்," என்கிறாள்.

தக்காளி வாங்கப் போனால் நானும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. ஆனாலும் முகராமல் பையில் போட மனம் வருவதில்லை.