பென்சில் அண்ணையும் ஐயாவின் கைகளும்

யாழ்ப்பாணத்தில் மனிதரைப் படைத்தவர் கடவுள்தான். திருத்தியவர் பென்சில் அண்ணை.

பட்டணத்து ஸ்ரூடியோ ஒன்றில் படம் பிடிப்பவர். சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்; படத்தில் விழும் பிழைகளை அதால்தான் திருத்துவார். கச்சேரி மண்டபங்களில் ஒரேயொரு மஞ்சள் பல்ப்தான் எரியும். இருந்தும் பிளாஷ் அடிக்கமாட்டார். “பளிச்செண்டால் வித்துவான் தாளத்தை விட்டிடுவார், தங்கச்சி” என்பார் என்னிடம். கமராவை நெடுநேரம் திறந்து வைப்பார். பாடகர் தலையாட்ட, படத்தில் இரண்டு தலை விழும். ஒன்றைச் சுரண்டி எடுப்பார். கண்மூடிப் பாடியவருக்குக் கண் வரைந்தார். கள்ளனைக் கண்டவர்போல அந்த மனிதர் படத்தில் விழித்தார். மொட்டை மிருதங்கக்காரருக்கு முடி வைத்தார். மனைவி படத்தைப் பார்த்து, “உது ஆர்?” என்றா.

என் அப்பா, நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், தவில்காரர். கொழும்பில் ஒரு கச்சேரி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் படம் கிடைத்தால் நாதஸ்வரக்காரரின் படத்தோடு ஐயாவின் படமும் நோட்டீசில் வரும். கிடைக்காவிட்டால் நாதஸ்வரக்காரர் மட்டும்தான். இத்தனை வருடம் வாசித்தும் ஐயாவின் முகம் எந்த நோட்டீசிலும் வந்ததில்லை.

கல்யாணவீடு ஒன்றில் பென்சில் அண்ணை எடுத்த ஐயாவின் படம் எங்களிடம் இருந்தது. முகம் அச்சு அசல். கைதான் இல்லை. ஐயாவின் வேகத்துக்குக் கமரா தோற்று, மணிக்கட்டுக்குக் கீழே வெறும் புகை.

எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.சி. சோதனை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்குக் கிடைத்த சன்மானம், படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்கும் பட்டணத்து ஸ்ரூடியோவுக்கும் பஸ்ஸில் அலைவது.

முதல் திருத்தத்தில் வீணைக்காரியின் கை வந்தது. “உந்தக் கையாலை தவில் அடிச்சால் முறிஞ்சுபோகும்” என்றார் ஐயா. அடுத்ததில், இடக்கையில் இருக்கவேண்டிய தவில் கழி வலக்கைக்கு மாறிவிட்டது. “என்னை இடக்கையன் ஆக்கிப்போட்டான்!” அதற்கடுத்ததில் விரல் ஆறு.

“ஒண்டு கூடத்தானே, தங்கச்சி,” என்றார் பென்சில் அண்ணை. “குறையேல்லையே?”

பஸ் கொண்டக்டர்கூட என்னைக் கண்டால், “கை வந்திட்டுதோ, பிள்ளை?” என்று கேட்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை பென்சில் அண்ணையே கமராவோடு வீட்டுக்கு வந்தார்.

“அண்ணை, ஒருக்கால் கையை ஆட்டாமல் வச்சிருங்கோ. படம் எடுத்துக்கொண்டு போறன்” என்றார் ஐயாவிடம்.

“கை நிண்டால் இது தவிலே, தம்பி? பீப்பா!”

சொன்ன கோபத்தோடு ஐயா வாசிக்கத் தொடங்கினார். பென்சில் அண்ணை கமராவைத் தொடவில்லை. எத்தனையோ கச்சேரிகளில் கமராவுக்குள்ளால் மட்டும் பார்த்த மனிதர், அன்று வாய் திறந்தபடி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும், திருத்தாத முதல் படத்தை என்னிடம் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உது சரியாத்தான் விழுந்திருக்கு. நான்தான் பழுதாக்கினது.”

பென்சில் காதிலேயே இருந்தது. படத்தை அவரே கொண்டுபோய் அன்றிரவு மெயில் ரயிலிலேயே கொழும்புக்கு அனுப்பினார்.

புகை அப்படியே நோட்டீசில் வந்தது. நாதஸ்வரக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. “உவருக்குக் கை பறக்குது. எனக்குக் கன்னம் மட்டும் வீங்கிக் கிடக்கு!”

ஐயா நோட்டீசைச் சட்டம்போட்டு வரச் சொல்லி, அதையும் என் கையிலேயே தந்தார். படம் பிடித்தவரின் பெயரை அதில் போட்டிருக்கவில்லை. சட்டத்துக்குள் போவதற்குமுன் ஓரத்தில் பேனையால் எழுதினேன்: படம் – திரு. பென்சில் அண்ணை.