கடித்த கொடி

உலக அரங்கில் நம் நாட்டுக் கொடியை உயர்த்தியவர்கள் பலர் உண்டு. துணி காயப்போடும் கொடியாலேயே அந்தக் காரியத்தைச் சாதித்தவர் ஒருவர்தான். பூனா, வானவடி, 'சாந்திவிஹார்' சொசைட்டியின் ஐந்தாவது மாடியில் குடியிருந்த ஜம்புநாதன். வரலாற்று நூல்களில் அவர் பெயர் இல்லை. எழுதியவர்களுக்கு அலைவரிசை எட்டவில்லை போலும்.

ஆண்டு 1998. ஜம்பு ஓர் அரசாங்க ஆபீசில் கணக்குப் பார்த்தார். அங்கே அவர் வாயைத் திறந்தால் பியூன்கூடத் தலை நிமிரமாட்டான். அப்பேர்ப்பட்டவர் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, ஆகுர்டி நண்பர் ஒருவர் வீட்டு மைக்கில் முதன்முதலாகக் கூப்பிட்டபோது, ஒசாகாவிலிருந்து ஒரு பல் வைத்தியர் "உங்கள் குரல் கணீரென்று கேட்கிறது" என்றார். ஜம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தமாக ஓர் ஆண்டெனா கட்டாமல் ஓய்வதில்லை என்று அன்றே சபதம் செய்தார்.

குறுக்கே நின்றது சொசைட்டி விதி. கேபிள் டி.வி. வந்துவிட்ட நாகரிக காலமாதலால் மொட்டை மாடியில் 'எவ்வகை ஆண்டெனாவும்' கூடாது. ஆனால் அடுத்த விதி, துணிக்கொடி கட்டலாம் என்றது. இவ்விரு விதிகளுக்கும் நடுவே இருபது மீட்டர் இடைவெளி இருப்பதை ஜம்புவின் மூளை கண்டுகொண்டது. அவருக்குத் தேவையான கம்பியின் நீளமும் அதுவே.

மெல்லிய கம்பியில் மெல்லிய குரல்தான் போகும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் தடித்த செம்புக் கம்பியாகப் பார்த்து, துண்டு துண்டாக வாங்கிவந்தார். துண்டுகளை ஒட்ட வேண்டுமே! வீட்டிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் கொடுத்த சூட்டையெல்லாம் செம்பு குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்றது. ஈயம் உருண்டு தரையில் விழுந்தது. தப்பித்தவறி ஒட்டிய இடமும் மேலே பளபளப்பு, உள்ளே தொடர்பில்லை. ஒரு முழுமையான கமிட்டி.

கடைசியில் பாத்திரம் ஒட்டுகிறவர்களின் பெரிய இரும்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, சமையலறை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சினார்.

"உப்புமாவை எதுல கிளறட்டும்? இஸ்திரிப் பெட்டியிலயா?" என்றாள் மனைவி வனஜா.

"விஞ்ஞானம் நடக்குதும்மா. கொஞ்சம் பொறு."

ஈயம் பிடிப்பதற்காகத் தடவிய குங்கிலியத்தின் புகை மாடிப்படி வரை பரவியது. எதிர்வீட்டு மராட்டியக் கிழவர், பூஜை நடக்கிறதென்று வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரசாதம் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்கும் லிப்ட் அறைக்கும் நடுவே 'கொடி' ஏறியது. கொடி என்று அறிவித்துவிட்ட பிறகு, துணி போடாதே என்று யாரிடம் சொல்வது? மாடிவாசிகள் அனைவரும் உலர்த்தினார்கள். ஈரப் போர்வை தொங்கினால் ஜப்பான் மறைந்தது. கர்ச்சீப் மட்டும் என்றால் திரும்பி வந்தது. ஜம்பு பொறுமை காத்தார். பெரியவர்கள் வழி அதுதானே.

ஒரு ஞாயிறு காலை பொறுமை தீர்ந்து, துணி தொங்கும்போதே மைக்கை அழுத்தினார்; கம்பியில் மின்சாரம் பாய்ந்தது. அதே நொடியில் மேலே சொசைட்டி சேர்மன் கர்னல் கானோல்கரின் மனைவி தலையணை உறையை எடுக்கக் கம்பியைத் தொட்டார். விரலில் சுள்ளென்றது.

"தோரி சாவ்லி!" என்று மராட்டியில் அலறினார். கயிறு கடித்துவிட்டதாம்!

மாலையில் அவசரப் பொதுக்கூட்டம். பொருள் எண் ஒன்று: 'கொடி கடித்தது தொடர்பாக.' கர்னல் நீலகிரி வெலிங்டனில் இருந்தபோது தமிழ் கற்றவர். மரியாதை விகுதிகள் மட்டும் மலையிறங்கி வரவில்லை.

"ஜம்பு சாப், நீ சொல்லு. அது கொடியா, ஆண்டெனாவா? ஆண்டெனான்னா நாளைக்கே வெட்டு."

"கொடிதான் சாப். சுத்தமான கொடி."

"கொடி கடிக்குமா?"

"புதுசு சாப். புதுச் செருப்பு கடிக்கறதில்லையா?"

கூட்டம் இதைச் சீர்தூக்கிப் பார்த்தது. நாலைந்து பேர் தங்கள் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

"நடுவிலே ஒரு கறுப்பு ஒயர் உன் ரூமுக்குள்ளே போகுதே, அது எதுக்கு?"

"துணி காய்ஞ்சுதான்னு கீழேயிருந்தே தெரிஞ்சுக்க, சாப்."

"வாஹ், வாஹ்!" என்று செக்ரட்டரி வியந்தார். எல்லா பிளாக்குக்கும் இந்த வசதி வேண்டுமென்று ஒரு குரல் எழுந்தது. காற்று ஜம்புவின் பக்கம் வீசியது. ஒசாகா இன்னும் ஒரு தலையசைப்புத் தூரத்தில்தான் இருந்தது.

"சரி. கடைசியா வீட்டுக்காரம்மா சொல்லட்டும்" என்றார் கர்னல். "வனஜா பெஹன், இது கொடிதானே?"

ஜம்பு மனைவியைப் பார்த்தார். ஒரே ஒரு 'ஆமாம்' போதும். வனஜா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"கொடியா? கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு கொடி கட்டிக் குடுங்கன்னு இவர்கிட்ட தொண்டை கிழியக் கேக்கறேன் சாப். இன்னிக்கும் ஈரத் துணியை நாற்காலி மேலதான் போடறேன். ஊர்த் துணியெல்லாம் அதுல காயுது. நான் ஒரு துண்டைப் போட்டா மட்டும் 'ஐயோ, ஜப்பான் போயிடும்'னு ஓடி வரார். இவராவது, வீட்டுக்கு ஒரு கொடி கட்டறதாவது! சத்தியமா சொல்றேன், அது ஆண்டெனாதான்!"