கூடுமிடம் நகர்ந்துபோன விவரம்

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதுவது. மகள், மாப்பிள்ளை, பேத்தியோடு நாங்கள் ஐந்து பேரும் கைகால் குறையாமல் வீடு வந்து சேர்ந்தோம். நீங்களும் அக்காவும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சம்பந்தி வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எங்களை உங்கள் ஊருக்கு வரச்சொன்னது தற்செயல்தான் என்றும் நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து வீடு காலியாகிறது, வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஆத்தோரமா பாதை, சுத்தி சின்னச் சின்னக் குன்று, குழந்தைகுட்டியோட நடக்கலாம்னு அண்ணன் எழுதியிருக்காரு" என்று பால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்பதால் உடனே எழுதுகிறேன். பதில் இதுதான்: நாங்கள் வரவில்லை. ஏன் என்பதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்றது தொழிற்சாலைக்குத் தெரியும், என் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் கேஸ் குழாயைப் பார்க்கிறேன், பிறகு மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிறேன், பிறகு மறுபடியும் கேஸ் குழாய். மேல்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் படியை விட்டுவிட்டு லிஃப்டில் போவார். லிஃப்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன், இப்போது லிஃப்டிலும் ஏறுவதில்லை. "கொஞ்சம் உக்காருங்களேன்" என்று உங்கள் தங்கை சொல்லாத நாள் இல்லை. உட்காரத்தான் பார்க்கிறேன், நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. அதைச் சரிசெய்ய எழுந்தால் பிறகு எங்கே உட்கார்வது.

உங்கள் ஊர் ஆற்றோரமாக நடைக்குப் போன அன்று மரப்பாலத்துக்குப் பக்கத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, வழக்கப்படி பாதுகாப்புக் குறிப்புகளைச் சொன்னேன். எங்கள் வீட்டில் கடைத்தெருவுக்குப் போனாலும் இது உண்டு. நான் இரண்டு முறை நீளமாக விசில் ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கூடுமிடத்துக்கு ஓட வேண்டும், நான் வந்து தலையை எண்ணி முடிக்கும்வரை அங்கிருந்து யாரும் அசையக் கூடாது. மாப்பிள்ளை ஆரம்பத்தில் கொஞ்சம் முழித்தார், இப்போது நன்றாகத் தேறிவிட்டார். கூடுமிடம் என்றால் தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிய வேண்டும். உங்கள் பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் பச்சை, அதில் எந்தப் பச்சையைக் காட்டுவது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வயலோரமாக வைக்கோல் ஏற்றிய சிவப்பு டிரெய்லர் ஒன்று டிராக்டரோடு நின்றது. அதைக் காட்டினேன். "தாத்தா, அது போயிடுச்சுன்னா?" என்று பேத்தி கேட்டாள். கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம் மச்சான், ஒரு குன்று ஏறி முடித்து மூச்சு விடலாம் என்று பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறது, கைப்பிடி என்று ஒரு கம்பி கிடையாது, ஆற்றைக் கடக்க வரிசையாகக் கல் போட்டிருக்கிறார்கள், எந்தக் கல் ஆடும் எந்தக் கல் ஆடாது என்று ஒரு அறிவிப்பும் இல்லை, ஒவ்வொன்றாகக் குடையால் குத்திப் பார்த்துக்கொண்டே போனேன், நடு ஆற்றில் குடை சிக்கிக்கொண்டது, எனக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கிப் போனார்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு அம்மாவும் போனாள். தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று பேத்தி சொன்னாள். கணுக்கால் என்ன சாதாரணமா? கரையேறினால் அங்கே ஒரு கேட், ‘கடந்ததும் சாத்தவும்’ என்று எழுதிப்போட்டிருந்தது, அந்தப் பள்ளத்தாக்கிலேயே பொறுப்பாக எழுதப்பட்டது அது ஒன்றுதான். சாத்தினேன். பத்தடி போனதும் சரியாகச் சாத்தினேனா என்று சந்தேகம் வந்தது, திரும்பிப் போய்ப் பார்த்தேன், சாத்தித்தான் இருந்தது, திறந்து மறுபடி சாத்தினேன். அதற்குள் நம் ஆட்கள் பாலத்தைப் பார்த்தாற்போல் இருந்த குன்றின் பாதிக்குப் போய்விட்டார்கள்.

அவர்களைப் பிடிக்க வேகமாக ஏறியதில்தான் வழுக்கியது. ஈரப் புல். விழவில்லை, உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் பயணம் செய்தேன். நின்றதும் விசிலை எடுத்து நீளமாக இரண்டு முறை ஊதினேன்.

பயிற்சி வீண்போகவில்லை மச்சான். நான்கு பேரும் திரும்பினார்கள், என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், சொல்லிக்கொடுத்தபடியே கூடுமிடத்தை நோக்கி ஓடினார்கள். உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி என்று நான்கு வருடமாக வைத்தியம் பார்க்கிறோம், அன்றைக்கு அவள்தான் முதலில் ஓடினாள். அந்த நேரம் பார்த்து டிராக்டர்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பின்னால் ஒரு குடும்பமே ஓடிவருவதைப் பார்த்து, பாவம் ஏறத்தான் வருகிறார்கள் என்று நிறுத்தி, குழந்தையைத் தூக்கி வைக்கோல் மேல் வைத்து, மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டார். "அப்பா, கூடுமிடம் போகுதுப்பா, நாங்க என்ன பண்ணட்டும்?" என்று மகள் கத்தியது எனக்குக் கேட்டது. எண்ணி முடிக்கும்வரை அசையாதே என்று விதி போட்டவன் நான். யாரும் அசையவில்லை. கூடுமிடம்தான் அசைந்து அசைந்து பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

அவர்கள் திரும்பி வரும்வரை குன்றிலிருந்து நான் நிலைமையைக் கண்காணித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆகவே, மச்சான், தலையை எண்ணக்கூட ஒரு இடம் நிலையாக நிற்காத ஊருக்கு என்னால் குடிவர முடியாது. மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வந்து நான் என்ன செய்வேன்? இங்கே நான்கு மாடி இருக்கிறது, மாடிக்கு மாடி ஏதாவது ஒரு கோளாறு இருக்கிறது, என்னைத் திட்டிக்கொண்டாவது நாலு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். அங்கே ஆறு தன் பாட்டுக்குப் போகிறது, குன்று தன் பாட்டுக்குக் கிடக்கிறது. என்னைக் கேட்டு நடக்க அங்கே ஒன்றும் இல்லை. நினைத்தாலே பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும், கல்லைத் தாண்டும்போது மட்டும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமலே என் கையில் கொடுத்து, "தபால்ல போட்டுடு" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கிறார். குப்பைத்தொட்டியைக்கூட இரண்டு முறை மூடுகிற மனுஷன். எழுதியிருப்பது எல்லாம் நிஜம்தான், ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். டிராக்டர்காரர் முதல் வளைவிலேயே நிறுத்தி, "இறங்கிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். இவர் புல்லில் உட்கார்ந்திருந்தார். சேற்றைத் துடைக்கவில்லை, விசிலைத் தொடவில்லை, கையை மடியில் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விட்ட பிறகு இவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை அண்ணா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க போற இடத்துக்குப் போங்க, வரும்போது இறங்கிக்கறோம்" என்று சொல்லிவிட்டேன். எதிர்க்கரையில் மாப்பிள்ளை வைக்கோல் இறக்கிக் கொடுத்தார், நாங்கள் மெதுவாகத்தான் திரும்பினோம். பக்கத்தில் போய், "கிளம்பலாமா?" என்றேன். "இப்பத்தானே வந்தோம்" என்றார்.

வீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், முதல் தேதி வருகிறோம். இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தேன். எதிர்க் கடையில் நிற்கிறார். மூட்டை கட்டுகிற கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து, தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.